ஓட்டிசமுடையார்க்கு உகந்த தொழில்

தொழிலென்பது வயிற்றை நிரப்பும் வழி மாத்திரமன்று. ஒருவனை இன்னான் என்று ஊரறியச் செய்வதும், காலையிற் படுக்கையை விட்டெழுதற்கு ஒரு காரணந் தருவதும், தாய் தந்தையர் காலத்தின் பின்னும் அவன் நிலைத்து வாழ்வான் என்னும் உறுதியை அளிப்பதும் தொழிலேயாம். இதனை நம் கல்லூரிகள் நன்குணர்ந்துள்ளன. விழா மலர் வெளிவருந்தோறும் பழைய மாணவர் இன்ன இன்ன உத்தியோகங்களில் அமர்ந்தனர் என்னும் செய்தியைப் பெருமிதத்தோடு அச்சிடுகின்றோம். அச்செய்திகளில் இடம்பெறாத மாணவருஞ் சிலர் உளர். அவரும் நம்மோடு ஒரே வாங்கிலில் இருந்தவரே. கணிதத்தில் முதலிடம் பெற்றவரும், ஊர்ப் புகையிரத நேர அட்டவணை முழுவதையும் மனத்திற் கொண்டவரும் அவருட் காணப்படுவர். பாடசாலை விட்டபின் அவர் எங்குச் சென்றாரென ஒருவரும் வினவுவதில்லை. பெரும்பாலும் வீட்டின் உள்ளறைக்கே சென்றிருப்பர். ஓட்டிசமுடையார்க்குத் தொழில் கிடையாமை அவர்தம் குறையினாலா, நாம் தொழில் கொடுக்கும் முறையினாலா என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள்.

முதற்கண் பெயரைப் பற்றிச் சிறிது கூறுவாம். 'ஓட்டிசம்' என்பது கிரேக்க மொழியில் 'தான்' எனப் பொருள்படும் அடியிற் பிறந்த சொல். தமிழில் இதனைச் சிலர் 'மதியிறுக்கம்' என வழங்குவர். அப்பெயர் எமக்கு உடன்பாடன்று. இறுகியிருப்பது மதியன்று, பிறரோடு பழகும் வாயில் வேறுவகையாய் அமைந்துள்ளது, அவ்வளவே. ஆதலின் வழக்கில் ஊன்றிவிட்ட பிறமொழிச் சொல்லையே இங்குக் கையாளுகின்றோம்.

ஓட்டிசம் மருந்தினால் தீரும் நோயன்று. இளமை தொட்டு வாழ்நாள் முழுதும் உடனிருக்கும் உள்ளத்தமைப்பு அது. பிறர் முகக்குறிப்பையும் குரற்குறிப்பையும் ஏனையோர் போல் இயல்பாக உணர்தல் இவர்க்கு அரிது. சொல்லை அதன் நேர்ப்பொருளிலேயே கொள்வர். ஒன்றனையே பற்றி ஆழ்ந்து நிற்பர். நாளும் நிகழ்வன ஒரே ஒழுங்கில் நிகழவேண்டுமென விழைவர். ஒலி, ஒளி, மணம், தீண்டல் ஆகியவை சிலர்க்குத் தாங்கவொண்ணா மிகையாகும். சிலர்க்கு உணர்வுக்கே எட்டா. அமெரிக்க உளமருத்துவர் சங்கம் 2013-ம் ஆண்டில் வெளியிட்ட ஐந்தாவது கைந்நூலில் இப்புலனியல்பும் ஓட்டிசத்தின் இலக்கணங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. பேச்சே இல்லாதாரும் இவருள் உளர். பல்கலைக்கழகப் பட்டம் பெற்றாரும் உளர். ஆதலின் 'இவர்க்கு இன்ன தொழிலே ஏற்றது' என ஒரே வரியிற் கூறிமுடிப்பாரை நம்பலாகாது. தாயின் அன்புக் குறைவே இதற்குக் காரணம் என முன்னொரு காலத்தில் வைத்தியருள்ளும் பலர் கூறினர். அது பொய்யெனத் துணிந்து பல்லாண்டுகள் கழிந்தன. அயலார் வாய் மாத்திரம் இன்னும் அடங்கியபாடில்லை.

நாம் எடுத்துக்கொண்ட பொருளை விளக்கவல்ல வரலாறொன்று இத்துறையின் தொடக்கத்திலேயே உளது. அமெரிக்காவின் போல்ற்றிமோர் நகரில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையிற் பணிபுரிந்த லியோ கனர் என்னும் வைத்தியர் 1943-ம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். பதினொரு சிறுவர் சிறுமியரை ஆராய்ந்து, ஓட்டிசத்தை ஒரு தனி நிலையாக அவர் அதன்கண் விவரித்தார். அப்பதினொருவருள் முதலாவதாக வைத்தெண்ணப்பட்ட சிறுவன் டொனால்ட் றிப்லெற். 1933-ம் ஆண்டில் மிசிசிப்பி மாநிலத்தின் பொறெஸ்ற் என்னும் சிற்றூரிற் பிறந்தவன். எண்களில் அவனுக்கு அடங்காப் பற்று. பொருள்களைச் சுழலவிட்டு நோக்கியிருப்பதில் அளவிலா இன்பம். மனிதரை ஏறெடுத்து நோக்குவதோ இல்லை. மூன்று வயதில் அவனை ஒரு விடுதியிற் சேர்த்துவிடுமாறு பெற்றோர்க்கு அறிவுரை கூறப்பட்டது. சேர்த்தனர், ஓராண்டளவில் மனம் பொறாது மீட்டு வந்தனர்.

1942-ம் ஆண்டில் அவனை ஊருக்குச் சில மைல் தொலைவிலிருந்த கமக்காரர் ஒருவர் வீட்டில் தங்கி வாழ விட்டனர். அவரும் அவர் மனைவியும் உளநூல் கற்றவரல்லர். ஆயினும் அவர் செய்தவற்றைக் கனர் நேரிற் சென்று கண்டு பின்னர் எழுதி வைத்துள்ளார். சிறுவனுக்கு எதையும் அளந்து பார்க்கும் ஆசை மிகுதியென்று கண்டு, ஒரு கிணறு தோண்டச் செய்து அதன் ஆழத்தை அளந்து வந்து கூறும்படி பணித்தனர். சோளப் பயிரின் வரிசைகளை அவன் ஓயாது எண்ணிக்கொண்டிருந்தான். உழுதுகொண்டே எண்ணுமாறு கலப்பையைக் கையிற் கொடுத்தனர். இறந்த பறவைகளையும் பூச்சிகளையும் சேகரித்தான். அவற்றைப் புதைத்துப் பெயர் நாட்டுதற்கு ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்தனர். கனர் சென்ற நாளில் அவன் ஆறு நீண்ட வரிசைகளை உழுது காட்டினான். குதிரையையும் கலப்பையையும் அவன் திருப்பிய திறமை அவ்வைத்தியரை வியப்புறச் செய்தது.

இதனைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். எண்ணுதலை நிறுத்து என்று அவர் அதட்டவில்லை. எண்ணுவதே நன்று என்று வாளாவிருக்கவுமில்லை. அவனிடத்து ஏலவேயிருந்த பற்றினைத் தோட்டத்துக்கு வேண்டிய ஒரு வேலையோடு பிணைத்தனர். இன்று பல நாடுகளிற் பெரும் பொருட்செலவில் நடாத்தப்படும் தொழிற்றிட்டங்களின் சாரம் இதனின் வேறன்று என்பது எம் கருத்து.

டொனால்ட் பின்னர் உயர்தரப் பாடசாலையிற் கற்று, 1958-ம் ஆண்டில் மில்சாப்ஸ் கல்லூரியிற் பிரெஞ்சு மொழியைப் பாடமாகக் கொண்டு பட்டம் பெற்றார். தம் ஊர் வங்கியிற் காசாளராயமர்ந்து நெடுங்காலம் பணியாற்றினார். கார் ஓட்டப் பழகினார். நாடோறும் கொல்வ் விளையாடினார். தனியே பல நாடுகளுக்குச் சென்று வந்தார். 2023-ம் ஆண்டு யூன் மாதத்தில், எண்பத்தொன்பதாம் வயதிற் காலமானார். பொறெஸ்ற் ஊரவர் அவருடைய போக்கை அறிந்திருந்தனர். வேற்றாள் எவரேனும் அவரை இழிவுபடுத்த முயலின் பொறுத்திலர்.

ஆயின் இவ்வரலாற்றில் மறைத்தற்கியலாத ஒன்றுண்டு. அவ்வங்கி அவருடைய தாய்வழிக் குடும்பத்தின் உடைமை. டொனால்ட் எந்த நேர்முகப் பரீட்சைக்கும் சென்று காத்திருக்கவேண்டியதில்லை. வங்கியில்லாத வீட்டிற் பிறந்த பிள்ளைகளின் நிலை யாது?

அது மகிழ்ச்சி தருவதன்று. ஐக்கிய இராச்சியத்தின் அரச புள்ளிவிபர அலுவலகம் 2020-ம் ஆண்டுக்கு எடுத்த கணக்கின்படி, ஓட்டிசமுடைய வளர்ந்தோருள் நூற்றுக்கு ஏறக்குறைய 22 பேரே ஏதேனும் தொழிலில் இருந்தனர். மாற்றுத்திறனாளர் யாவரையும் ஒருங்கு சேர்த்து நோக்கின் அத்தொகை நூற்றுக்கு ஐம்பதினும் சற்று மிகுந்திருந்தது. அந்நாட்டு அரசுக்காகச் சேர் றொபேட் பக்லன்ட் 2024-ம் ஆண்டு பெப்ரவரியில் வெளியிட்ட அறிக்கையும், பத்திற்கு மூவரளவினரே தொழிலில் உள்ளனர் என்றே கூறிற்று. அமெரிக்காவில் 2012-ம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, பாடசாலை விட்டு ஈராண்டுக்குட்பட்ட ஓட்டிசமுடைய இளைஞருட் பாதிக்கு மேற்பட்டோர் தொழிலும் இன்றி, மேற்படிப்பும் இன்றி இருந்தமையைக் காட்டிற்று. பாடசாலை உள்ளவரை ஆசிரியரும் அட்டவணையும் மணியோசையும் உண்டு. அதன் மறுநாள் ஒன்றுமில்லை. ஒழுங்கையே உயிராகப் பற்றியிருப்பவனிடமிருந்து ஒழுங்கு முழுவதையும் ஒரே நாளிற் பறித்தல் எத்துணைக் கொடிது என்பதைப் பெற்றோரே அறிவர்.

மேனாட்டார் இதற்கு முதலிற் கண்ட வழி, காப்புத் தொழிற்சாலை என்பது. இயலாதார் யாவரையும் ஓரிடத்திற் கூட்டி, பெட்டி மடித்தல், உறை ஒட்டுதல் போன்ற வேலைகளைக் கொடுத்து வந்தனர். பிரித்தானியாவில் 1944-ம் ஆண்டுச் சட்டத்தின் வழியே தோன்றிய றெம்ப்ளோய் என்னும் நிறுவனம், போரில் உறுப்பிழந்தார்க்கும் பிறர்க்குமாகத் தன் முதற் றொழிற்சாலையை 1946-ம் ஆண்டில் வேல்சு நாட்டின் பிறிட்ஜென்ட் நகரில் திறந்தது. அந்நிறுவனத்தின் தொழிற்சாலைகள் 2013-ம் ஆண்டளவில் மூடப்பட்டன. அமெரிக்காவில் 1938-ம் ஆண்டுத் தொழிற் சட்டத்தின் ஒரு பிரிவு, இத்தகையோர்க்கு ஆகக்குறைந்த சம்பளத்திலுங் குறைத்துக் கொடுத்தற்கு உத்தரவளித்தது. பிற்காலத்திற் பல மாநிலங்கள் அதனைத் தடுத்துள்ளன. காப்புத் தொழிற்சாலைகளை முற்றாக இகழ்தல் எம் நோக்கமன்று. அங்குத் தோழமை இருந்தது. வீட்டுச் சுவரைத் தவிர வேறொன்றைக் காண ஓர் இடமிருந்தது. றெம்ப்ளோய் மூடப்பட்டபோது தொழிலாளர் பலர் கண்ணீர் விட்டதும் உண்மையே. ஆயினும் 'முதலிற் பயிற்று, பின்னர் வேலையில் அமர்த்து' என்னும் கொள்கையில் ஒரு கேடு மறைந்திருந்தது. பயிற்சிக்கு முடிவு வந்ததில்லை. வெளியுலகத் தொழிலுக்கு ஆயத்தஞ் செய்கின்றோம் என்று தொடங்கி, இருபதாண்டு முப்பதாண்டு அங்கேயே இருத்திவிட்டனர்.

இம்முறையைத் தலைகீழாகத் திருப்பியவர் வைத்தியசாலையொன்றின் தாதியர் தலைவி. அமெரிக்காவின் சின்சினாற்றி நகரச் சிறுவர் வைத்தியசாலையில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் பொறுப்பாயிருந்த எரின் றீல் என்பவர்க்கு ஓயாத் தொல்லையொன்று இருந்தது. பஞ்சு, ஊசி, குழாய் முதலியவற்றை உரிய தட்டுகளில் உரிய அளவில் நிரப்பி வைக்கும் வேலையில் எவரும் நெடுநாள் நிலைப்பதில்லை. இழிந்த வேலையென்று எண்ணிச் சில கிழமைகளில் விட்டுச் சென்றனர். தட்டு வெறிதாயிருப்பின் அவசர நேரத்தில் உயிருக்கு ஊறு நேரும். இவ்வேலையை வளர்ச்சிக் குறைபாடுடைய இளைஞர்க்கு முறையாகப் பழக்கினால் என்னவென்று அவர் நினைந்தார். 1996-ம் ஆண்டில் அவ்வாறு பிறந்ததே 'புரொஜெக்ற் சேர்ச்' என்னும் திட்டம். அவர் இரக்கத்தினின்று தொடங்கவில்லை, தட்டு நிரம்பவேண்டும் என்னும் தேவையினின்று தொடங்கினார் என்பதை வாசகர் கவனிப்பாராக.

இத்திட்டத்தின்படி மாணவர் தம் பாடசாலையின் கடைசி ஆண்டை வகுப்பறையிற் கழியாது வைத்தியசாலையிலேயே கழிப்பர். ஆசிரியரும் தொழிற் பயிற்றுநரும் அங்கேயே உடனிருப்பர். ஆண்டினுள் மூன்று வெவ்வேறு பிரிவுகளிற் பணிபுரிந்து, தமக்கு ஏற்றது எது என்பதைக் கண்டறிவர். வர்ஜீனியா மாநிலத்திற் போல் வேமன் என்னும் பேராசிரியரும் அவர் துணைவரும் இத்திட்டத்தை ஓட்டிசமுடையார்க்கெனத் திருத்தியமைத்தனர். நாளின் நிகழ்ச்சிகளைப் படங்களாற் காட்டுதல், எதிர்பாராத மாற்றங்களை முன்கூட்டியே அறிவித்தல், பழக்கவழக்கச் சிக்கல்களை அறிந்த வல்லுநர் அண்மையிலிருத்தல் என்பன அத்திருத்தங்களுட் சில. 18 முதல் 21 வரையிலான வயதுடைய நாற்பது இளைஞரைக் குலுக்கல் முறையால் இரு கூறாக்கினர். இருபத்து நால்வர் வைத்தியசாலைக்குச் சென்றனர். பதினாறுவர் வழக்கமான பாடசாலைப் பயிற்சியிலேயே நின்றனர். 2014-ம் ஆண்டில் வெளியான முடிவின்படி, முதற் கூற்றில் 24 பேருள் 21 பேர் ஊதியத் தொழில் பெற்றனர். மற்றைக் கூற்றில் 16 பேருள் ஒருவரே பெற்றார். பெற்ற ஊதியமும் ஆகக்குறைந்த சம்பளத்தினும் மிகுதியானது. தொகை சிறிதென்பதை ஒப்புகின்றோம். ஆயினும் இரு கூற்றாரும் ஒரே வகையினர், ஒரே மாநிலத்தவர். ஒருவர் தொழிலாளியாகவும் மற்றவர் வீட்டிலிருப்பவராகவும் ஆனது அவர்க்கு அமைந்த ஒன்பது மாதங்களின் வேறுபாட்டால்.

வேலையைச் செய்யவல்லவர் வேலையை ஏன் பெறுகிறாரில்லை? இடையில் நிற்பது நேர்முகப் பரீட்சை. 'உம்மைப் பற்றிச் சிறிது கூறும்' என்று தலைவர் தொடங்குவார். எதைக் கூறுவது, எங்கே நிறுத்துவது என்பது அவ்வினாவில் இல்லை. 'ஐந்து வருடத்தின் பின் எங்கே இருப்பீர்?' என்றால், 'எங்கள் வீட்டில்' என்பது நேர்மையான விடை. 'இங்கு ஏன் சேர விரும்புகிறீர்?' என்பதற்குச் 'சம்பளம் வேண்டும்' என்பதும் அத்தகையதே. கேட்ட மூவரும் நகைத்துக்கொண்டு அடுத்தவரை அழைப்பர். கணக்குப் புத்தகத்திற் பிழை காணவல்லவனைத் தேடியிருந்த அவர், கண்ணை நோக்கி இனிது உரையாடவல்லவனைத் தெரிந்தெடுத்துச் செல்வர். வேலை ஒன்று, பரீட்சை மற்றொன்று.

இது வெறும் ஊகமன்று. ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டலஸ் நகர்ப் பிரிவைச் சேர்ந்த நோவா சாசனும் பிறரும் 2017-ம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஓட்டிசமுடையாரும் ஏனையோரும் தம்மைப் பற்றிப் பேசிய சிறு துண்டுகளைப் பிறர்க்குக் காட்டி அபிப்பிராயங் கேட்டனர். காட்சியாகக் கண்டபோதும் குரலாகக் கேட்டபோதும் ஓட்டிசமுடையாரைப் பற்றிய முதல் எண்ணம் தாழ்ந்ததாகவே இருந்தது. அவர் பேசிய சொற்களை எழுத்தில் மாத்திரங் கொடுத்து வாசிக்கச் செய்தபோது அவ்வேறுபாடு மறைந்தது. சொன்ன பொருளிற் குறையில்லை. சொன்ன தோற்றத்திலேயே குறை காணப்பட்டது. தாமே ஓட்டிசமுடையவரான டேமியன் மில்ற்றன் என்னும் ஆங்கில அறிஞர் 2012-ம் ஆண்டில் எழுதிய கட்டுரையில், விளங்காமை இருபுறத்தும் உள்ளதென வாதித்தார். அவர்க்கு நம்மை விளங்கவில்லை என்கின்றோம். நமக்கு அவரை விளங்கவில்லை என்பதை மறந்துவிடுகின்றோம்.

பரீட்சையைத் திருத்துதல் அத்துணை அரிதுமன்று. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்துக் கேற்றி மாராசும் துணைவரும் 2021-ம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், வினாக்களைப் பொதுவாக விடாது குறிப்பாகக் கேட்டபோது ஓட்டிசமுடையார் விடைகள் சிறந்தன. ஏனையோர் விடைகளும் சிறந்தன! ஒருவர்க்காக இட்ட படி எல்லோர் காலுக்கும் உதவிற்று. வினாக்களை முதனாளே எழுத்திற் கொடுத்தலாம். பேச்சினை விட்டு ஒரு முற்பகல் வேலையையே செய்யவிட்டுப் பார்த்தலாம். தச்சனைத் தேடுவோர் அவன் பேச்சைக் கேட்டு அமர்த்துவதில்லை; கதவொன்றைச் செய்யச் சொல்கின்றனர். காரியாலயம் மாத்திரம் இதற்கு விலக்காவானேன்? கால்நடைகளை அச்சமின்றி நடத்திச் செல்லும் அமைப்புகளை வரைந்து புகழ்பெற்ற ரெம்பிள் கிறண்டின் அம்மையார் தாமும் ஓட்டிசமுடையவர். தாம் வரைந்த படங்களை முதலில் விரித்துக்காட்டியே வேலை பெற்றதாக அவர் பலமுறை கூறியுள்ளார்.

படங்களுக்குப் பதிலாக விளையாட்டுப் பொறிகளைக் கொண்டு தேர்ந்தெடுத்தவர் டென்மார்க்கு நாட்டுத் தோர்கில் சொன்னே. தொலைத்தொடர்புத் துறையில் உத்தியோகம் வகித்த அவர்க்கு லார்ஸ் என்னும் மகன். மூன்று வயதில் ஓட்டிசமுடையவனென்று அறியப்பட்டான். ஒருநாள் சிறுவன் கட்டங்களும் எண்களும் நிறைந்த படமொன்றை வரைந்திருந்தான். தந்தை வெகுநேரம் நோக்கியபின், அஃது ஐரோப்பிய வீதிப் படநூலின் முகப்பு அட்டவணை என்று கண்டார். ஒத்துப் பார்த்தபோது பிழை காணப்படவில்லை. வீட்டை ஈடுவைத்துப் பணம் பெற்று, 2004-ம் ஆண்டில் 'ஸ்பெஷலிஸ்ரன' என்னும் கொம்பனியை நிறுவினார். மென்பொருள்களைச் சோதித்துப் பிழை காணும் வேலையில் ஓட்டிசமுடையாரை அமர்த்தினார். அங்கு நேர்முகப் பரீட்சைக்கு மாறாக, 'லீகோ' துண்டுகளாற் சிறு இயந்திர மனிதரைக் கட்டி இயக்குமாறு பல கிழமைகள் வேலை கொடுத்து, ஒவ்வொருவர் திறமையும் களைப்பும் உதவி கேட்கும் விதமும் அறியப்பட்டன. கொம்பனியின் குறி ஒரு சிறு மஞ்சட் பூ. புற்றரையில் அதனைக் களையென்று பிடுங்குவர்; வேண்டுமிடத்தில் அதுவே மூலிகை.

அவரோடு சேர்ந்து ஜேர்மனியின் எஸ். ஏ. பி. என்னும் மென்பொருட் கொம்பனி, 2020-ம் ஆண்டளவில் தன் ஊழியருள் நூற்றுக்கு ஒருவர் ஓட்டிசமுடையவராயிருப்பர் என 2013-ம் ஆண்டு மே மாதத்தில் அறிவித்தது. அதற்கு முன்னரே அக்கொம்பனியின் பெங்களூர்க் கிளையில் அறுவரைச் சேர்த்துப் பரீட்சித்திருந்தனர். மைக்கிறோசொப்ற் முதலிய பிறரும் 2015-ம் ஆண்டிற் பின்தொடர்ந்தனர். எஸ். ஏ. பி. தன் இலக்கை எட்டவில்லை. எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் நின்றது. எனினும் வாயில் திறந்தது திறந்ததே.

இங்கு ஓர் எச்சரிக்கை கூறவேண்டும். இக்கொம்பனிகளின் புகழ் பரவியபின், ஓட்டிசமுடையார் யாவரும் கணினியில் மேதைகள் என்னும் எண்ணம் ஊரெங்கும் பரவிற்று. படக்காட்சிகளும் அதனை வளர்த்தன. இது முன்னைய இகழ்ச்சியைப் போலவே தீங்கு பயப்பது. மேதையாயிருந்தால் மாத்திரமே வேலைக்கு உரியன் என்று அது மறைமுகமாகக் கூறுகின்றது. நம்முட் பெரும்பாலோர் மேதைகளல்லேம்; எனினும் சம்பளம் பெறுகின்றோம். புளோரிடா மாநிலத்துப் பார்க்லன்ட் நகரில், தந்தையொருவரும் அவர் மகன் ஒருவரும் தம் குடும்பத்து மற்றொரு மகனின் எதிர்காலம் கருதி 2013-ம் ஆண்டில் 'றைசிங் ரைட்' என்னுங் கார் கழுவும் நிலையமொன்றைத் தொடங்கினர். ஊழியருட் பெரும்பாலோர் ஓட்டிசமுடையவர். ஒரு காரைத் துப்புரவாக்கும் வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, ஒன்றன்பின் ஒன்றாக ஒழுங்குபடுத்தினர். ஒவ்வொரு காரும் அதே ஒழுங்கில், ஒரு படியும் விடாது கழுவப்படுகின்றது. வாடிக்கையாளர் வருவது தருமத்துக்காகவன்று. கார் நன்கு துப்புரவாவதனால்.

வேலை இருத்தல் வேறு, பொருளுள்ள வேலை இருத்தல் வேறு. பட்டதாரியொருவரைப் பத்தாண்டாகக் கடித உறையில் முத்திரை ஒட்டவைத்து, 'வேலை கொடுத்தோம்' என்று மார்தட்டும் நிலையங்களும் உண்டு. ஒருவர் ஒருநாள் வாராதிருப்பின் அவர் வேலை தேங்குமாயின், அது வேலை. தேங்காதாயின், அவரைப் பொழுதுபோக்க அமர்த்தியுள்ளோம் என்பதே பொருள். உரிய ஊதியமும் வேண்டும். வேலை பிடியாவிடில் விட்டுச் செல்லும் உரிமையும் வேண்டும். மேற்பதவிக்கு வழியும் வேண்டும். ஆயின் மேற்பதவி எப்போதும் பிறரை மேய்ப்பதாகவே இருத்தல் வேண்டுமோ? பிழை காண்பதில் வல்லவரைப் பத்துப் பேர்க்குத் தலைவராக்கி, அவரையும் அப்பத்துப் பேரையும் வருத்துதல் நம் காரியாலயங்களின் வழக்கம். பொறுப்பை ஆட்களாலன்றி வேலையின் அருமையால் அளந்து ஊதியத்தை உயர்த்துதல் கூடும்.

அமர்த்தியபின் செய்யவேண்டியவை பெருஞ் செலவின அல்ல. 'நேரங் கிடைக்கும்போது இந்தக் கோப்பைக் கொஞ்சம் பாரும்' என்று பெரியவர் கூறுகின்றார். அவர் கருதியது, இன்று மூன்று மணிக்கு முன் திருத்தித் தரவேண்டும் என்பது. ஏனையோர் அக்குறிப்பை உணர்வர். ஓட்டிசமுடையவர் நேரங் கிடைக்குமளவும் காத்திருப்பார், அல்லது கோப்பைத் திறந்து பார்த்து மூடி வைப்பார். 'இக்கோப்பின் நான்காம் பக்கக் கூட்டலைச் சரிபார்த்து, மூன்று மணிக்கு என் மேசையில் வையும்' என எழுதிக் கொடுப்பின் குறைவொன்றும் நேராது. மின்விசிறியின் கிறீச்சொலியும் மினுங்கும் குழல் விளக்கும் நமக்குப் பொருட்டல்ல. அவர்க்கு நாள் முழுதும் காதருகே பறையறைவது போலாகும். ஒரு மூலை மேசையும் காதடைப்பும் அதற்கு மருந்து. தேநீர் வேளையில் அளவளாவ வரவில்லையெனிற் செருக்கென்று கொள்ளலாகாது; அவர் அப்போது இளைப்பாறுகின்றார். ஐயம் எழுந்தாற் கேட்பதற்கு இன்னாரென ஒருவரைக் குறித்து வைத்தல் எல்லாவற்றினும் முதன்மையானது. முகாமையாளர் மாறுங்காலத்தில் இவ்வொழுங்குகள் யாவும் சிதைவதுண்டு. ஆதலின் அவற்றை எழுத்தில் வைத்தல் நன்று.

நம் நாட்டிற் சட்டமில்லை எனல் பொருந்தாது. 1988-ம் ஆண்டில் வெளியான அரசாங்க நிருவாகச் சுற்றுநிருபம், அரச சேவையிலும் கூட்டுத்தாபனங்களிலும் நூற்றுக்கு மூன்று இடங்களை மாற்றுத்திறனாளர்க்கு ஒதுக்குமாறு பணித்தது. 1996-ம் ஆண்டின் 28-ம் இலக்கச் சட்டம், தொழிலுக்குச் சேர்ப்பதில் அவர்க்கு வேற்றுமை காட்டலாகாதென விதித்தது. தொழில் செய்யும் உரிமையைத் தன் 27-ம் உறுப்புரையிற் கூறும் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இலங்கை 2016-ம் ஆண்டு பெப்ரவரியில் ஏற்றுறுதி செய்தது. நூற்றுக்கு மூன்று என்னும்போது பெரும்பாலார் மனத்தில் எழுவது ஊன்றுகோலும் சக்கர நாற்காலியுமே. கண்ணுக்குப் புலனாகாத வேற்றுமையுடையவர் அக்கணக்கினுள் வருவதை நேர்முகப் பரீட்சைக் குழுவினர் நினைவதே அரிது. நினைந்தாலும் அதே மூன்று வினாக்களையே கேட்பர்.

இம்மலரை வாசிக்கும் பழைய மாணவருட் பலர் கிளை முகாமையாளராகவும், அச்சக உரிமையாளராகவும், மருந்துச்சாலை நடத்துவோராகவும், கணக்காய்வாளராகவும் இருப்பர். வர்ஜீனியாவில் நடந்ததன் ஒரு சிறு பகுதியையேனும் அவர் செய்தல் கூடும். பாடசாலையின் கடைசி ஆண்டில், விட்டு வெளியேறு முன்னரே, ஒரு மாணவனுக்குப் பத்து வாரம் இடங் கொடுத்தல் அது. மருந்துச்சாலையிற் காலாவதியான மருந்துகளைத் திகதிப்படி பிரித்தல், அச்சகத்திற் பார்வைப்படி திருத்துதல், நூலகத்தில் நூற்பட்டியலை இலக்கப்படி ஒழுங்குசெய்தல் ஆகிய எவையும் போலி வேலைகளல்ல. இன்று ஆளின்றிக் கிடப்பவை. ஒருவர்க்கு ஒன்று ஒவ்வாதாயின் அடுத்த பத்து வாரம் வேறிடத்திற் கழியலாம். ஆசிரியரொருவர் முதலிரு வாரமும் உடன்சென்று, வேலையைப் படிகளாக எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு வருதல் வேண்டும்.

இடந் தெரியும்போது தூரத்தையும் நினைத்தல் நலம். காலை ஏழரை மணிப் பஸ்ஸின் நெரிசலும் ஊதுகுழல் ஒலியும் தாண்டி வந்தபின், ஓட்டிசமுடைய இளைஞர்க்கு அன்றைய வேலைக்கு ஆற்றல் எஞ்சியிராது. சைக்கிளிற் சென்று வரக்கூடிய இடமே முதலில் தேடத்தக்கது. வேலைநேரமும் அரைமணி பிந்தித் தொடங்குமாயின் மிக நன்று.